உதவி: .40 பிராஸ் அடி உப்பல் – சைஸ் பண்ணின பிறகும் கேஜில் இறங்க மாட்டேன் என்கிறது

ஹூஸ்டன்வாசி

வணக்கம். யூஎஸ்பிஎஸ்ஏ (அமெரிக்கத் துப்பாக்கிப் போட்டி அமைப்பு) லிமிடெட் டிவிஷனில் .40 எஸ் அண்ட் டபிள்யூ சுடுகிறேன். தோட்டாவை நானே ரீலோடு பண்ணுகிறேன், அதாவது சுட்ட பித்தளைக் கேஸை (பிராஸ்) சைசிங் டையால் பழைய அளவுக்கு அமுக்கி மறுபடி நிரப்புகிறேன். 180 கிரெயின் கோட்டட் புல்லட், வேகம் நொடிக்கு 940 அடி பக்கம். பவர் ஃபேக்டர் (எடையை வேகத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தது) 169 வருகிறது. மேஜர் மதிப்பெண் வகைக்கு வேண்டிய 165-க்கு மேல் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன். பிராஸ் எல்லாம் ரேஞ்சில் பொறுக்கியது. எந்தத் துப்பாக்கியில் சுட்டது என்று தெரியாது.

பழைய பிஸ்டலில் இதே தோட்டாக்கள் ஒரு தொந்தரவும் இல்லாமல் ஓடின. இப்போது கையில் இருப்பது மேட்ச் பீப்பாய் (போட்டிக்கான, இறுக்கமான பீப்பாய்) போட்ட 2011 வகைப் பிஸ்டல். லோடு பண்ணி முடித்ததில் நூற்றுக்குப் பத்து போல கேஸ் கேஜில் (தோட்டாவின் அளவு சரியா என்று விட்டுப் பார்க்கும் உருளை) முழுசாக இறங்குவதில்லை, அடி வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது. பயிற்சியில் ஒன்று சேம்பரில் (பீப்பாயில் தோட்டா உட்காரும் குழி) பாதி போய்ச் சிக்கி, ஸ்லைடு முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. எக்ஸ்ட்ராக்டர் (கேஸை வெளியே இழுக்கும் கொக்கி) பிடிக்கும் பள்ளத்துக்குச் சற்று மேலே, ஒரு பக்கம் மட்டும் வயிறு தள்ளின மாதிரி தெரிகிறது.

சைசிங் டையை ஷெல்பிளேட்டை (பிரஸில் கேஸின் அடியைப் பிடித்திருக்கும் தட்டு) தொடும்வரை இறக்கித்தான் வைத்திருக்கிறேன். அண்டர்சைஸ் டை வாங்குவதா, லீ பல்ஜ் பஸ்டரா (கேஸை வளையத்துக்குள் முழுசாகத் தள்ளி எடுக்கும் 'புஷ்-த்ரூ' கிட்), இல்லை காசு சேர்த்து ரோல் சைசரே (கேஸை உருட்டி அமுக்கும் கருவி) வாங்கிவிடுவதா?

ஒகாயோ அண்ணாச்சி

தம்பி, எதையும் இப்போது வாங்காதீங்க. கேஜில் முட்டுகிறது என்றால் அடி உப்பல் என்று மட்டும் அர்த்தம் இல்லை. முதலில் எங்கே முட்டுகிறது என்று கண்டுபிடிங்க.

தோட்டா முழுக்கக் கறுப்பு மார்க்கர் பூசுங்க. மை காய்ந்ததும் கேஜில் விட்டு, விரலால் லேசாக ஒரு சுற்றுச் சுற்றி வெளியே எடுங்க. மை எங்கே சுரண்டுப்பட்டிருக்கிறதோ அங்கேதான் சிக்கல். வாயோரம் பளபளத்தால் கிரிம்ப் (கேஸ் வாயை உள்பக்கம் அமுக்குவது) போதவில்லை. வாயில் போட்ட விரிவு முழுசாகப் போகவில்லை. நடுவில், புல்லட்டின் அடி உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஒரு பக்கம் மட்டும் சுரண்டினால் புல்லட் சாய்ந்து இறங்கியிருக்கிறது. பள்ளத்துக்கு மேலே என்றால்தான் நீங்கள் சொல்கிற உப்பல்.

விளிம்பையும் பாருங்க. எக்ஸ்ட்ராக்டர் கடித்துப் பிசிறு எழும்பியிருந்தால் கேஜ் விடாது, ஆனால் சேம்பர் விட்டுவிடும். தோட்டாவைத் தலைகீழாக, அடிப்பக்கம் முதலில் போகிற மாதிரி கேஜில் விட்டுப் பார்த்தால் இது தெரியும். விளிம்பு நுழையும்போதே தடுத்தால் பிசிறு. விளிம்பு உள்ளே போன பிறகு தடுத்தால் உப்பல்.

கடைசித் தீர்ப்பு பீப்பாய்தான். துப்பாக்கியைக் காலி செய்து, பிரித்து, பீப்பாயைத் தனியே எடுத்து அதில் விடுங்க. 'டக்' என்று விழணும், கவிழ்த்தால் தானாக வெளியே வரணும்.

லேத் பட்டறை

டை தொடும்வரை இறக்கியும் ஏன் மிச்சம் நிற்கிறது என்று சொல்கிறேன். கேஸ் நுழைவதற்காகக் கார்பைடு வளையத்தின் வாயில் ஒரு வளைவு விட்டிருப்பார்கள். புரோகிரெசிவ் பிரஸுக்கான (ஒரே இழுப்பில் பல வேலை செய்யும் பிரஸ்) டைகளில் அந்த வளைவு இன்னும் பெரிது, கேஸ் தடுமாறாமல் ஏறவேண்டும் என்பதற்காக. ஷெல்பிளேட்டும் கேஸின் அடியைக் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறது. இரண்டையும் சேர்த்தால், அடியில் ஒரு பட்டை அளவுக்கு டை தொடவே தொடாது. உங்கள் உப்பல் உட்கார்ந்திருப்பது சரியாக அந்தப் பட்டையில்.

அது அங்கே வந்த கதை வேறு. கேஸின் அடி கெட்டிப் பித்தளை. அதற்குச் சற்று மேலேதான் சுவர் மெலிகிறது. ஃபீட் ராம்புக்காக (தோட்டா சேம்பருக்கு ஏறும் சரிவு) சேம்பரின் கீழ்ப்பக்கம் வெட்டியிருக்கும் இடத்தில் அந்த மெல்லிய சுவருக்குப் பின்னால் எஃகு கிடையாது. .40-க்கு எஸ்ஏஏஎம்ஐ (அமெரிக்கத் துப்பாக்கி, தோட்டாத் தர அமைப்பு) நிர்ணயித்த உச்ச அழுத்தம் 35,000 பிஎஸ்ஐ, .45 ஏசிபிக்கு 21,000 தான். அதனால்தான் இந்தத் தொல்லை .40-ல் இவ்வளவு பேச்சானது. பழைய க்ளாக் .40 பீப்பாய்களில் அந்த வெட்டு தாராளம். இங்கே ரீலோடர்கள் இதை 'க்ளாக்டு பிராஸ்' என்பதும் அதை வைத்துத்தான். ஒரு பக்கம் மட்டும் உப்பியிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுவே அடையாளம். காலி கேஸைக் கண்ணாடித் துண்டின்மேல் உருட்டுங்கள், தள்ளாடும்.

மைக்ரோமீட்டர் இருந்தால் அந்த இடத்தைச் சுற்றி நாலு திசையில் அளவெடுங்கள். .40-க்கு அடி விட்டம் வரைபடத்தில் 0.424 அங்குலம். பழைய சேம்பர் லூசாக இருந்ததால் கூடுதலை விழுங்கியிருக்கும். மேட்ச் பீப்பாய் விழுங்காது.

ஹூஸ்டன்வாசி

அண்ணாச்சி சொன்னபடி மார்க்கர் வைத்துப் பார்த்தேன். ஒதுக்கி வைத்ததில் பெரும்பாலானவை பள்ளத்துக்கு மேலேதான் சுரண்டுகின்றன, அதுவும் ஒரே பக்கம் பிறை வடிவில். சிலவற்றில் விளிம்புப் பிசிறுதான். அவை பீப்பாயில் அழகாக விழுகின்றன. வாயோரம் எல்லாம் சுத்தம். அப்படியானால் புஷ்-த்ரூ தான் வழியா?

ஒகாயோ அண்ணாச்சி

ஆமாம். அண்டர்சைஸ் டை விட்டத்தை இன்னும் ஆயிரத்தில் ஒரு அங்குலம் குறைக்கும். புல்லட் பிடிமானத்துக்கு அது நல்லது. ஆனால் அதுவும் ஷெல்பிளேட்டுக்கு மேலேயே நின்றுவிடுகிற டைதான். அடியில் தொடாத பட்டை கொஞ்சம் குறையலாம், முழுசாகப் போகாது.

புஷ்-த்ரூவில் கேஸ் முழுக்க, விளிம்பு உட்பட, வளையத்துக்குள் கீழேயிருந்து நுழைந்து மேலே வெளியே வந்துவிடும். லீயின் பல்ஜ் பஸ்டரை எடுத்தால் .40 ஃபேக்டரி கிரிம்ப் டையும் வேண்டும், அதன் உள் உறுப்புகளைக் கழற்றிவிட்டு வெறும் வளையமாகப் பயன்படுத்துவார்கள். ரெட்டிங்கின் ஜி-ஆர்எக்ஸ் இதற்கென்றே செய்த டை. எதுவானாலும் சிங்கிள் ஸ்டேஜ் பிரஸில் (ஒரு சமயம் ஒரு டை மட்டும் மாட்டும் பிரஸ்) மாட்டுங்க. கார்பைடாக இருந்தாலும் லானோலின் கலந்த லூப் (வழுக்கு எண்ணெய்) கொஞ்சம் தெளிச்சுக்குங்க, கை வலி பாதியாகும். இது முடிந்த பிறகு வழக்கமான சைசிங்.

ரோல் சைசர் அருமையான கருவிதான், விளிம்புப் பிசிறையும் சேர்த்து அமுக்கிவிடும். ஆனால் மாதம் இரண்டு மேட்ச் சுடுகிறவருக்கு அந்த விலை தேவையில்லை என்பது என் எண்ணம்.

பீனிக்ஸ் 9எம்எம்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். 9எம்எம்முக்கும் இதையே செய்யலாமா?

லேத் பட்டறை

9எம்எம் கேஸ் நேர்ச்சுவர் இல்லை. அடியில் 0.391, வாயில் 0.380, மேலே போகப் போகக் குறுகும். அந்த கேலிபருக்கான கிரிம்ப் டையில் முழுசாகத் தள்ள முடியாது, லீயும் அதற்கு இந்த கிட்டைச் சொல்வதில்லை. 9எம்எம் மகரோவ் கிரிம்ப் டையை வைத்துச் செய்கிறவர்கள் உண்டு. .40, 10எம்எம், .45 ஏசிபி, .380 இவற்றுக்குத்தான் நேரடியாகப் பொருந்தும்.

அரிசோனா ஆர்ஓ

எல்லோரும் உப்பலை அமுக்குவதைப் பற்றியே பேசுகிறீர்கள். அமுக்கினால் வடிவம் திரும்பும், பலம் திரும்பாது. பித்தளை உப்பி அமுங்கி இறுகிப்போயிருக்கும். அடுத்த தடவை அதே இடம் ராம்புக்கு மேலேயே வந்து உட்கார்ந்தால்? சுவர் கிழிந்தால் வாயு மேகசின் வழியாகக் கீழே வெடித்து இறங்கும். கிரிப் பிளந்து, மேகசின் பறந்து, சுட்டவர் கை நடுங்க நின்றதை ரேஞ்சில் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். .40 பிராஸ் விலை ஒரு விரலுக்கு ஈடாகுமா? இறுகினதை இளக்குகிறேன் என்று அடிப்பகுதியைச் சூடுபடுத்தும் யோசனையும் வேண்டாம். அடி கெட்டியாக இருந்தே ஆகவேண்டும்.

ஒகாயோ அண்ணாச்சி

ஆர்ஓ சொல்கிற ஆபத்து உண்மை. நான் வைத்திருக்கிற கோடு இதுதான்: உப்பல் வழவழப்பாக இருந்தால் புஷ்-த்ரூ. உப்பலில் மடிப்போ, நகம் தட்டுகிற கோடோ, சிரித்த வாய் மாதிரி பிறைத் தழும்போ இருந்தால், இடுக்கியால் வாயை நசுக்கிப் பழைய பித்தளை டப்பாவில் போட்டுவிடுவேன். அதனால் தள்ளுவதற்கு முன்னாலேயே பொறுக்கி ஒதுக்கணும். தள்ளி முடித்தால் தழும்பு வழவழப்பாகி மறைந்துவிடும், அப்புறம் எதை வைத்து அடையாளம் காண்பீங்க?

பிராஸ் திரும்பக் கிடைக்காத பெரிய மேட்சுக்குப் புதுசோ, ஒரே தடவை நீங்களே சுட்டதோ கொண்டுபோங்க. தள்ளி எடுத்தது பயிற்சிக்கு.

அரிசோனா ஆர்ஓ

அந்தக் கோட்டை ஒத்துக்கொள்கிறேன், வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தால். இன்னொன்று: மேட்சில் தோட்டா பாதியில் சிக்கினால் ஸ்லைடைக் கையால் குத்தி மூடாதீர்கள். பீப்பாயைக் குண்டு தாங்கும் மேட்டை நோக்கியே வைத்துக்கொண்டு ஆர்ஓவிடம் (ரேஞ்ச் ஆஃபீசர், மேட்ச் அதிகாரி) சொல்லுங்கள்.

ஹூஸ்டன்வாசி

மிக்க நன்றி, எல்லோருக்கும். ஜி-ஆர்எக்ஸ் ஆர்டர் போட்டுவிட்டேன். கேஜில் இறங்காமல் ஒதுக்கி வைத்த தோட்டாக்கள் ஒரு பை இருக்கின்றன. அவற்றை அப்படியே புஷ்-த்ரூவில் தள்ளிவிடலாமா? ஒரு வீடியோவில் செய்கிறார்கள்.

ஒகாயோ அண்ணாச்சி

வேண்டவே வேண்டாம் தம்பி. தள்ளும் கம்பி வந்து அழுத்துவது அடியில், உயிருள்ள பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு வில்லை) இருக்கிற இடத்தில். தப்பித்தாலும் வளையம் புல்லட்டையும் சேர்த்து நெரிக்கும். பித்தளை கொஞ்சம் திரும்ப விரியும், ஈயம் விரியாது. பிடிமானம் போய் புல்லட் உள்ளே தள்ளுப்பட்டால் அழுத்தம் எகிறும்.

பிசிறு மட்டும் உள்ளவை, பீப்பாயில் விழுகிறவை, அவற்றைப் பயிற்சியில் சுட்டுத் தீருங்க. மற்றதைச் சுத்தியல் புல்லருக்குள் (புல்லட்டைக் கழற்றும் சுத்தியல் வடிவக் கருவி) வைத்துத் தட்டிப் பிரிங்க, கண்ணாடி போட்டுக்கொண்டு. மருந்து உங்கள் கையால் நிரப்பினது, எந்த மருந்து என்று சந்தேகமில்லாமல் தெரியும் என்றால் மட்டும் அதே டப்பாவுக்குத் திரும்பட்டும். மிஞ்சின கேஸில் பிரைமர் இன்னும் உயிரோடுதான் இருக்கும், அதையும் புஷ்-த்ரூவுக்குக் கொண்டுபோகாதீங்க. மடிப்புள்ள கேஸை பிரைமரோடு டப்பாவில் போடவும் கூடாது. முதலில் அந்தப் பிரைமரை மட்டும் ரேஞ்சில் வெறும் கேஸாகச் சுட்டுவிட்டு, பிறகு நசுக்குங்க.