போன் சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்துவது சரிதானா?

நண்பர்களே, பழைய போனின் பேட்டரி மூன்றே ஆண்டில் உப்பி, பின்மூடியையே நெம்பித் தூக்கிவிட்டது. இரவு முழுக்கச் சார்ஜில், அதுவும் தலையணைக்கு அடியில் போட்டுவைத்த பாவம் என்னுடையதுதான். லித்தியம் அயன் பேட்டரிக்கு முழுச் சார்ஜும் சூடும் சேர்ந்தால் ஆகாது என்று பிறகுதான் படித்தேன்.

புதிய போனில் 80 சதவீதம் வந்ததும் சார்ஜ் தானே நிற்கும்படி வரம்பு வைத்திருக்கிறேன். ஆனால் மாலையில் பஸ் ஏறும்போது 12தான் மிச்சம். இப்படி அடிமட்டம்வரை வடியவிடுவதைவிட வரம்பை 90 ஆக்கலாமா? அல்லது மதியம் அலுவலகத்தில் அரை மணி நேரம் சார்ஜ் போடுவது மேலா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

அம்மாவின் பழைய ஆண்ட்ராய்டு போனில் இந்த வசதியே இல்லை. 80 வந்ததும் மணியடிக்கும் செயலி ஏதேனும் பயன்படுத்துகிறீர்களா? விளம்பரம் கொட்டாததாக இருந்தால் புண்ணியம். மணி கேட்டால் அம்மாவே எழுந்து பிளக்கைப் பிடுங்கிவிடுவார்.