குறையுள்ள புது வீட்டின் சாவியை வாங்கலாமா, கூடாதா?

ஜன்னலோரம்:
அடுக்குமாடியில் புது வீடு. "வீடு தயார், மீதிப் பணத்தைக் கட்டிவிட்டு சாவியை வாங்கிக்கொள்ளுங்கள்" என்று பில்டரிடமிருந்து கடிதம் வந்திருக்கு. போய்ப் பார்த்தோம். ஹாலில் சில டைல்ஸைத் தட்டினா உள்ளே வெற்றிடம் இருக்கிற சத்தம். படுக்கையறை ஜன்னல் மூலையிலிருந்து சாய்வா ஒரு விரிசல், பட்டி பார்த்து பெயின்ட் அடிச்சும் தெரியுது. குளியலறையில் ஊத்தின தண்ணீர் வடிகாலுக்குப் போகாம கதவுப் பக்கம் வருது. சைட்ல இருக்கிறவர், "எல்லாம் சின்ன வேலைங்க, சாவியை வாங்குங்க, ரெண்டு வாரத்துல முடிச்சுக் கொடுத்துடறோம்"னு சொல்றார். ஆனா கையெழுத்துப் போடச் சொல்ற தாளில் "வேலைகள் அனைத்தும் எனக்கு முழுத் திருப்தி"ன்னு ஒரு வரி இருக்கு. ஒரு பக்கம் வாடகை, இன்னொரு பக்கம் கடன் தவணை. என்ன செய்யலாம்?

தாழ்வாரம்:
வாங்காதீங்க. உங்ககிட்ட மீதிப் பணம் இருக்கிற வரைக்கும்தான் உங்க போனை எடுப்பாங்க. டைல்ஸ் போட்டவர், பூச்சு பூசினவர், பெயின்டர் எல்லாருமே தனித்தனி ஒப்பந்தக்காரங்க. கணக்கு முடிஞ்சு அடுத்த சைட்டுக்குப் போனதும் பில்டரே கூப்பிட்டாலும் வரமாட்டாங்க. எங்க குடியிருப்பில் சாவி வாங்கினவங்க வீட்டுல வேலை அப்படியே நின்னுபோச்சு. வாங்க மறுத்தவங்க வீட்டுல முதல்ல முடிஞ்சது. அந்தத் திருப்தி வரிக்குக் கீழ கையெழுத்துப் போட்டுட்டு அப்புறம் குறை சொன்னா, "நீங்கதானே திருப்தின்னு எழுதிக் கொடுத்தீங்க"ன்னு அந்தத் தாளையே எடுத்து நீட்டுவாங்க.

மட்டக்கோல்:
தாழ்வாரம் சார் பணத்தைப் பத்திச் சொன்னது சரி. சாவியைப் பத்திச் சொன்னதில் எனக்கு உடன்பாடில்லை. நான் சைட் இன்ஜினியர். முன்ன பில்டர்கிட்ட இருந்தேன், இப்ப வீடு வாங்குறவங்களுக்குப் பரிசோதனை செஞ்சு கொடுக்கிறேன்.

ஒப்பந்தத்தில் சாவி எடுக்க வழக்கமா ஒரு கெடு இருக்கும். குடியேறவே முடியாத குறைன்னு காட்ட முடியாம மறுத்தீங்கன்னா தாமதம் உங்க தலையில விழும். மீதிப் பணத்துக்கு வட்டி, பராமரிப்புக் கட்டணம்னு எழுத ஆரம்பிச்சுடுவாங்க. இன்னொரு விஷயம், பாதிக் குறை குடியேறின பிறகுதான் தெரியும். வெளிச்சுவர்க் கசிவு முதல் பெரிய மழையில் வரும். குழாய் இணைப்பு நாலு பேர் புழங்கினாத்தான் சோதனைக்குள்ளாகும். பூச்சு காயறதுக்கு முன்னாடி பெயின்ட் அடிச்சிருந்தா, உப்புப் பூக்கிறதுக்குச் சில மாசம் ஆகும். சாவியை வாங்காம இருந்தா இதெல்லாம் கண்ணுக்கே வராது.

நீங்க சொன்ன மூணு குறையும் ஒரே ரகம் இல்லை.

டைல்ஸ்: அடியில் கலவையைப் பரப்பாம அங்கங்க உருண்டையா வெச்சு அழுத்தினா, நடுவில் காலியிடம் நின்னுடும். கனமான சாமான் விழுந்தா அந்த இடத்துல உடையும். ஒவ்வொரு டைலையும் மரக்கட்டையாலோ நாணயத்தாலோ தட்டிப் பாருங்க. நடுவிலும் நாலு மூலையிலும் தட்டணும். சத்தம் வித்தியாசப்படுற இடத்துல டேப் ஒட்டிப் படம் எடுங்க. மாத்துறது பெரிய வேலை இல்லை. ஆனா புது டைல் அதே பேட்ச், அதே ஷேடா இருக்கணும். பெட்டி மேல ரெண்டு எண்ணும் அச்சாகியிருக்கும். இல்லேன்னா ஹால் நடுவில் வேற நிறத்துல சதுரம் சதுரமா நிக்கும்.

குளியலறை: சைட்ல சின்ன வேலைன்னு சொன்னதிலேயே பெரிசு இதுதான். வாட்டத்தைச் சரி பண்ண டைல்ஸை உடைக்கணும். உடைச்சா அடியில் இருக்கிற நீர்த்தடுப்புப் பூச்சும் கிழியும். டைல்ஸை மட்டும் திரும்ப ஒட்டிட்டுப் போனாங்கன்னா, இன்னைக்குக் கதவுப் பக்கம் வர்ற தண்ணீர் நாளைக்குக் கீழ்வீட்டு சீலிங்ல இறங்கும். நீர்த்தடுப்புப் பூச்சைப் புதுசா அடிச்சு, வடிகாலை அடைச்சு, தரை முழுக்கத் தண்ணீர் நிறுத்தி, குறைஞ்சது 24 மணி நேரம் விட்டு, கீழ்வீட்டு சீலிங்கைப் போய்ப் பார்த்துட்டுத்தான் டைல்ஸ் ஒட்டணும். இந்த ஒரு வேலையைச் சாவிக்கு முன்னாடி முடிக்கச் சொல்லுங்க. குடியேறினபிறகு குளியலறையை உடைக்க விட்டா குடும்பத்தோட எங்க போவீங்க?

விரிசல்: பார்க்காம சொல்ல முடியாது. ஜன்னல் மூலையில் அழுத்தம் குவியும். ஜன்னலுக்கு மேலே சுவரைத் தாங்குற லிண்டல், அதாவது குறுக்குக் கட்டை, ரெண்டு பக்கமும் சுவர்ல போதுமான நீளம் உக்காரலைன்னாலும், சுவர் கொஞ்சம் இறங்கியிருந்தாலும் சாய்வாத்தான் விரியும். வெளிச்சுவர்ல அதே இடத்துல கோடு இருக்கான்னு பாருங்க. ரெண்டு முனையிலும் பென்சில் கோடு போட்டுத் தேதி எழுதுங்க. கோட்டைத் தாண்டினா அது இன்னும் ஓடிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம்.

தாழ்வாரம்:
பென்சில் கோடு போட்டு மாசக்கணக்கில் காத்திருங்கன்னு சொல்றதை நான் ஏத்துக்கமாட்டேன். அதுக்குள்ள பணம் முழுக்கப் போயிருக்கும். வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி வாங்கின வீட்டுல சுவர் ஓடுதா நிக்குதான்னு பார்த்துக்கிட்டு உக்காரணுமா? பூச்சில் மட்டுமா, செங்கல்லிலும் இருக்கான்னு பட்டியைச் சுரண்டினா அன்னைக்கே தெரிஞ்சுடும். பில்டர் ஆள் முன்னாடியே ஒரு சாண் அகலம் சுரண்டச் சொல்லுங்க. செங்கல் வெடிச்சிருந்தா, கட்டமைப்புப் பொறியாளர் எழுத்தில் அறிக்கை கொடுக்கிற வரை சாவியும் வேண்டாம், பணமும் கிடையாதுன்னு சொல்லிடுங்க. குளியலறையை விட எனக்கு இதுதான் முதல்.

மட்டக்கோல்:
சுரண்டிப் பார்க்கச் சொன்னது நல்ல யோசனை, அதை முதல்ல செய்யுங்க. செங்கல் வெடிச்சிருந்தா அறிக்கை கேட்கிறதும் நியாயம். ஆனா எல்லாக் கோட்டையும் கட்டமைப்புக் குறைன்னு எழுதினா, உண்மையான ஒண்ணும் அந்தக் கூட்டத்தில் மறைஞ்சுபோகும். உத்தரமும் செங்கல் சுவரும் சேர்ற இடத்துல நேர்கோடா வர்றது, ரெண்டு பொருளும் வெயிலுக்கு வேற வேற அளவில் விரியறதால. பூசறதுக்கு முன்னாடி அங்க வலை அடிச்சிருக்கணும். அடிக்காதது வேலைத்தரக் குறை. ஆனா அதால கட்டடம் விழாது. தூணில் கம்பி போற திசையிலேயே மேலிருந்து கீழே கோடு வந்தா நிலைமை வேற. உள்ளே கம்பி துருப்பிடிச்சு உப்பியிருக்கலாம். அதுக்கு ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

படிக்கட்டு:
மின்சாரத்தை யாரும் சொல்லலையே. மின்கசிவு வந்தா மின்சாரத்தைத் துண்டிக்கிற கசிவு தடுப்பானில் இருக்கிற சோதனை பட்டனை அழுத்தினா சுவிட்ச் உடனே விழணும். ஆனா அது அந்தக் கருவியை மட்டும்தான் சோதிக்கும். பிளக் பாயின்ட்டுக்கு எர்த் வந்திருக்கான்னு தனியா சோதிக்கணும். உயிர் சம்பந்தப்பட்டது. டைல்ஸுக்கு முன்னாடி இதைப் பாருங்க.

இன்னொண்ணு, உங்களுக்கு நேர் மேலே, நேர் கீழே இருக்கிற வீட்டுக்காரங்களைப் பிடிங்க. குளியலறைகளை ஒரே ஆட்கள் செஞ்சிருந்தா குறையும் ஒண்ணா இருக்கும். நாலு வீடு சேர்ந்து கையெழுத்துப் போட்ட கடிதத்துக்கு மரியாதையே தனி.

மொட்டைமாடி:
சட்டம் பற்றிச் சொல்கிறேன். ஜன்னலோரம் எந்த நாட்டில் வாங்குகிறார் என்று சொல்லவில்லை, ஆனால் நாட்டுக்கு நாடு இது மிகவும் மாறும். இந்தியாவில் வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் 2016-ஆம் ஆண்டின் ரெரா சட்டம், பிரிவு 14(3): சாவி கொடுத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ வேலைத் தரத்திலோ குறை இருப்பதாகத் தெரிவித்தால், பில்டர் கட்டணம் வாங்காமல் 30 நாட்களுக்குள் சரிசெய்ய வேண்டும். இல்லையென்றால் இழப்பீடு கேட்கலாம். சிங்கப்பூரில் புதிய தனியார் வீடுகளுக்கு வழக்கமான குறைபாட்டுப் பொறுப்புக் காலம் (பில்டர் தன் செலவில் குறைகளைச் சரிசெய்து தர வேண்டிய காலம்) 12 மாதம், மலேசியாவில் 24 மாதம். பிரான்சில் கட்டடத்தின் உறுதியைப் பாதிக்கும் குறைகளுக்கு 10 ஆண்டுப் பொறுப்பு உண்டு.

மலேசிய ஏற்பாட்டைக் கவனியுங்கள். விலையில் 5 சதவீதம் வழக்கறிஞர் கையில் நிற்கும். குறைபாட்டுக் காலம் ஓட ஓடத்தான் அது பில்டருக்குப் போகும். சாவி உங்களிடம், பிடிமானப் பணம் நடுவரிடம். தாழ்வாரம் பயப்படுவதற்கும் மட்டக்கோல் சொல்வதற்கும் ஒரே பதில் இதில் இருக்கிறது. சட்டமே இப்படிச் செய்து தராத இடத்தில், ஒரு சிறு தொகையை வேலை முடிந்தபின் தருவதாக ஒப்பந்தத்துடன் இணைப்புக் கடிதம் எழுதிக் கேட்கலாம். வீட்டுக் கடன் இருந்தால் கடைசித் தவணையை விடுவிக்கும் முன் வங்கியிடமும் பேசுங்கள். உங்கள் சம்மதம் இல்லாமலே பணம் போய்விடும் ஏற்பாடும் சில கடன் பத்திரங்களில் இருக்கும்.

தாழ்வாரம்:
5 வருஷம், 10 வருஷம்னு ஏட்டுல இருக்கிறது சரி. அதை வாங்க வழக்குப் போடணும், அலையணும். ஒரு திட்டத்துக்குன்னு தனி நிறுவனம் தொடங்கி, வித்து முடிச்சதும் மூடிட்டுப் போறவங்களும் இருக்காங்க. யார்மேல வழக்குப் போடுவீங்க? பணம் நிறுத்தி வைக்க பில்டர் சம்மதிச்சா சாவி வாங்கலாம், அது வரைக்கும் நான் இறங்கி வரேன். சம்மதிக்கலைன்னா வேண்டாம்னுதான் சொல்வேன்.

ஜன்னலோரம்:
எல்லாருக்கும் நன்றி. இன்னைக்கு சைட்டுக்குப் போய்ப் பட்டியைச் சுரண்டினோம். செங்கல் நல்லா இருக்கு, விரிசல் பூச்சோட நிக்குது. வெளிச்சுவர்லயும் கோடு இல்லை. குளியலறையை முழுசா உடைச்சுச் செய்யச் சம்மதிச்சுட்டாங்க, ஆனா தண்ணீர் நிறுத்திச் சோதிக்கிறதை எழுதித் தரமாட்டேங்கறாங்க, "வாய்வார்த்தையே போதும் சார்"னு சொல்றாங்க. பணம் நிறுத்தி வைக்கிறதுக்கு இன்னும் பதில் இல்லை. திருப்தி வரியை அடிச்சுட்டுக் கையெழுத்துப் போடலாமா?

மட்டக்கோல்:
விரிசல் பூச்சோட நின்னது நிம்மதி. பென்சில் கோடு மட்டும் இருக்கட்டும்.

எழுதித் தரலைன்னா நீங்க எழுதுங்க. பேசின அன்னைக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்க: யார் முன்னிலையில் என்ன பேசினீங்க, எந்தக் குளியலறை, எத்தனை மணி நேரம் தண்ணீர் நிக்கணும், கீழ்வீட்டு சீலிங்கை யார் பார்க்கணும். "இதில் மாற்றம் இருந்தால் தெரிவிக்கவும்"னு முடிங்க. மறுத்துப் பதில் வரலைன்னா அதுவே பின்னாடி உங்களுக்குச் சாட்சி.

வரியை அடிக்கலாம். அடிச்ச இடத்துல உங்க கையெழுத்தோட பில்டர் தரப்புக் கையெழுத்தும் இருக்கணும். அதுக்குக் கீழ இப்படி எழுதுங்க: "இணைப்பில் உள்ள குறைகள் நீங்கலாக வீட்டைப் பெற்றுக்கொள்கிறேன். பின்னர் தெரியவரும் குறைகளுக்கான என் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை." இணைப்பில் அறை, இடம், குறை, பட எண், முடிக்கவேண்டிய தேதி எல்லாம் வரணும். "டைல்ஸ் சரியில்லை"ன்னு பொதுவா எழுதாதீங்க. "ஹால், பால்கனிக் கதவிலிருந்து இரண்டாம் வரிசை, மூன்றாம் டைல், உள்ளே வெற்றிடம்"னு எழுதுங்க. கையெழுத்தான தாளின் நகல் கைக்கு வராம மீதிப் பணம் போகக் கூடாது.

தாழ்வாரம்:
குளியலறையில் தண்ணீர் நிறுத்துற அன்னைக்கு நீங்களே நேர்ல இருங்க. கீழ்வீட்டு சீலிங்கைச் சோதனைக்கு முன்னாடி ஒரு படம், பின்னாடி ஒரு படம், தேதியோட எடுங்க. அது சரியா வந்தபிறகு சாவியைப் பத்திப் பேசலாம்.