குறுகிய கால பர்கர், கலர் சோடா: வந்த கிழமையே வாங்குறதா, பொறுத்துப் பார்க்கிறதா?

துறைமுகத்தான்:
“குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும்” எண்டு கடையில பதாகை தொங்கினால் முதல் மூண்டு நாளுக்குள்ள வாங்கிச் சாப்பிட வேணும். இதுதான் என்ர கட்சி. காரணத்தைச் சொல்லுறன், பிறகு வாதாடுவம்.

புது ஐட்டத்தை வாங்கின உடனே பிரிச்சுப் பாருங்கோ. பெரும்பாலும் கோழித் துண்டு வழமையானது, பணிஸ் வழமையானது, சோஸ் ஒண்டுதான் புதுசு. அந்தச் சோஸ் பையில அடைச்சு, கொழும்பில இருந்து கிட்டத்தட்ட 260 கிலோமீற்றர் லொறியில வரவேண்டிய சாமான். எங்கட திருமலைக்கு (திருகோணமலைக்கு) இவ்வளவு விற்கும் எண்டு முன்கூட்டியே கணக்குப் போட்டுத்தான் அனுப்புவினம். இடையில தீர்ந்தால் திரும்ப வரும் எண்ட உறுதி இல்ல. அதால ஓடர் குடுக்க முதல் கவுண்டரில ஒரு கேள்வி: “அந்தப் புதுச் சோஸ் இருக்கா, இல்ல வேற போடுறீங்களா?” கடைசிக் கிழமையில இதைக் கேட்காமல் காசு குடுக்கக் கூடாது.

இன்னொண்டு, ஒரு ஐட்டம் நிலைக்கிறதும் போறதும் விற்பனையாலதான். 1962இல அமெரிக்காவின்ர சின்சினாட்டியில, வெள்ளிக்கிழமை இறைச்சி தவிர்க்கிற கத்தோலிக்கர் வராததால வியாபாரம் படுத்த மக்டொனால்ட்ஸ் கடைக்காரர் லூ குரோன் மீன் பர்கர் ஒண்டைச் செய்தார். அது விற்றது, அதால இண்டைக்கும் இருக்கு. அதே கொம்பனி 1981இல கொண்டுவந்த மக்ரிப் எண்ட பண்டி இறைச்சி பர்கர் வந்து வந்து போகுது. நல்லதை ஆரம்பத்திலயே வாங்கினால்தான் அது நிற்கும்.

ஓர்ஸ்ஹில் வாசி:
அண்ணா, சோஸ் தீரும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் சொல்லும் அந்த முதல் மூன்று நாள்தான் சமையலறை தடுமாறும் நாட்கள். புது ஐட்டம் என்றால் புது வரிசை: எந்தச் சோஸ் அடியில், எது மேலே, எத்தனை கிராம், எந்தக் கடுதாசியில் சுற்றுவது. கை பழகும்வரை ஒருவர் 20 கிராம் பூசுவார், இன்னொருவர் 40 கிராம் ஊற்றுவார். ஒரே பர்கர் ஒரே நாளில் இரண்டு சுவையில் வருவது இதனால்தான்.

அதோடு கூட்டம். கோழி பொரிக்கும் எண்ணெய் 170 முதல் 180 பாகை செல்சியசுக்குள் நிற்க வேண்டும். ஓடர் குவிந்தவுடன் குளிரான துண்டுகளைக் கூடையில் நிரப்பி இறக்கினால் வெப்பம் சட்டென்று விழுந்துவிடும். மேல்மா மொறுமொறுப்பாகும் முன்னரே எண்ணெயைக் குடித்துவிடும். கடித்துவிட்டு டிசுவால் அழுத்திப் பாருங்கள்; எண்ணெய் வட்டமாகப் பரவினால் பொரித்த வெப்பம் போதவில்லை. எலும்பை ஒட்டிய இடம் பச்சையாக இருந்தால் தயங்காமல் திருப்பிக் கொடுக்க வேண்டும். உள்ளே 74 பாகை தொட்டிருக்க வேண்டிய இறைச்சி அது.

என் கணக்கு: இரண்டாவது கிழமை, செவ்வாய் அல்லது புதன், பகல் 11.30. எண்ணெயை வடிகட்டுவது வழமையாக இரவு கடை மூடும்போது. ஆகவே பகல் முதல் பொரியலுக்குத்தான் சுத்தமான எண்ணெய் கிடைக்கும்.

துறைமுகத்தான்:
தங்கச்சி, 11.30க்குப் போனால் சூட்டுப் பெட்டியில காத்திருக்கிற துண்டு கிடைக்கவும் இடமிருக்கு. மத்தியான நெரிசலில துண்டு பொரிய முதலே ஆள் வரிசையில நிற்குது, துண்டு பெட்டியில காத்திருக்க நேரமில்ல. புதுசாப் பொரிஞ்சது வேணும் எண்டால் 12.45தான் நேரம்.

ஓர்ஸ்ஹில் வாசி:
காத்திருந்த துண்டு வேண்டாம் என்றால் “புதுசாப் பொரிச்சுத் தாங்கோ, பத்து நிமிஷம் நிற்கிறன்” என்று சொன்னால் போதும். 11.30க்கு அதைச் செய்துதர அவர்களுக்கு நேரம் இருக்கும். 12.45க்கு இருக்காது.

நிலாவெளிக் காத்து:
ரெண்டு பேரும் கடையில இருந்து சாப்பிடுறவைக்குத்தான் சொல்லுறீங்கள். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் இருக்கிறவைக்கு இது பார்சல் பிரச்சினை. டவுணில இருந்து நிலாவெளி 16 கிலோமீற்றர் வரும். மோட்டார் சைக்கிளில அரை மணித்தியாலம். அதுக்குள்ள மூடின பெட்டியில ஆவி நிறைஞ்சு, மொறுமொறுப்பு செத்துப்போகும். கொரியன் ஸ்டைல் எண்டு வாற இனிப்புக் கார சோஸ் கோழிக்கு இது இரட்டை அடி. உண்மையான கொரியன் முறையில மாப்பொருள் கூடின மெல்லிய பூச்சு, ரெண்டு தரம் பொரியல். அதால சோஸ் பிரட்டினாலும் கொஞ்ச நேரம் தாங்கும். இஞ்ச வழமையான கோதுமை மாக் கோழியில அதே சோஸை ஊத்தினால் ஆறேழு நிமிஷத்தில தோல் சவுத்துப்போகும், பெட்டியோட அடியில இருக்கிற பக்கம் முதலில.

பார்சல் எண்டால் இப்பிடிச் செய்யுங்கோ. சோஸை வேறையாச் சின்னக் கப்பில கேளுங்கோ. பெட்டி மூடியை ஒரு மூலையில விரல் அளவு திறந்து விடுங்கோ. பிரைஸையும் (உருளைக்கிழங்குப் பொரியல்) கோழியையும் ஒரே பெட்டியில போட விடாதேங்கோ. வீட்டுக்கு வந்தால் எண்ணெய் விடாத தாச்சியை மெல்லிய நெருப்பில வைச்சு, மூடாமல் பக்கத்துக்கு ரெண்டு நிமிஷம். மைக்ரோவேவில வைச்சால் இன்னும் சவுக்கும். பிறகு சாப்பிடும்போது சோஸில தொட்டால் சரி.

பணிஸுக்கும் ஒண்டு: வெட்டின பக்கம் பொன்னிறமா வாட்டியிருந்து, அதில மயோனைஸ் மாதிரிக் கொழுப்புள்ள சோஸ் பூசியிருந்தால் ஈரம் உள்ள போகாது. வாட்டாத பணிஸில நேரடியா காரச் சோஸ் எண்டால் அது பார்சலுக்குச் சரிவராது.

கிண்ணியாக் கரை:
சாப்பாட்டைப் பத்தி நீங்க மூணு பேரும் அடிபடுங்க. நான் குடிக்கிறதுக்கு வாறன். ஏனெண்டா கொம்போவில காசு போற இடம் அதுதான்.

முதல்ல விலை. பர்கர் தனியா 1,200, பிரைஸும் சோடாவும் சேர்த்து 1,750 எண்டு ஒரு கணக்குக்கு வைங்க. அப்ப அந்த ரெண்டுக்கும் நீங்க குடுக்கிறது 550. பிரைஸ் வேண்டாதவர் கொம்போ எடுத்தா நீல நிறச் சோடாவுக்கு 550 குடுத்த மாதிரித்தான். 2024 ஜனவரியில இருந்து வற் வரி 18 வீதம். பதாகை விலையில அது சேர்ந்திருக்கா, சேவைக் கட்டணம் வேறையா எண்டு பில் அடிக்க முதல் கேளுங்க.

இப்ப சீனி. நம்ம நாட்டில 2016இல இருந்து போத்தல் பானங்களுக்கு நிறக் குறி இருக்கு: 100 மில்லிக்கு 11 கிராமுக்கு மேல சீனி எண்டா சிவப்பு, 2 இல இருந்து 11 வரை மஞ்சள், 2க்குக் கீழ பச்சை. போத்தலை எடுத்தா அந்தக் குறியைப் பாத்திரலாம். கவுண்டரில கலந்து தாற கப்பில குறி ஒண்டும் இல்ல. அதால நாமதான் கணக்குப் பாக்கணும். கப் 470 மில்லி பிடிக்கும் எண்டு வைங்க. ஐஸ் பாதிக்கு நிறையும், உள்ள போற திரவம் 230 மில்லி. அதில சிரப் மூணு பம்ப், ஒண்டு 10 மில்லி எண்டா 30 மில்லி. வாசனைச் சிரப்பில 100 மில்லிக்கு 65, 70 கிராம் சீனி இருக்கிறது சாதாரணம், அப்ப 20 கிராம். மிச்சம் 200 மில்லி இனிப்பு லெமன் சோடா, 100க்கு 10 கிராம் எண்டா இன்னொரு 20. மொத்தம் 40 கிராம், 230 மில்லியில. 100க்கு 17 கிராம். சிவப்புக் கோட்டை எப்பவோ தாண்டியாச்சு. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சொல்ற மேல் எல்லையே 2,000 கலோரி சாப்பிடுற ஆளுக்கு 50 கிராம்.

கேக்க வேண்டியது ரெண்டே வார்த்தை: “சிரப் ஒரு பம்ப், வெறும் சோடா.” அப்ப 7 கிராமுக்குள்ள நிக்கும், நிறமும் வாசனையும் போகாது.

நிலாவெளிக் காத்து:
நானா, கணக்கு சரி. ஆனால் அதுக்காகப் பானத்தையே ஒதுக்கிறது நியாயமில்ல. ஆனி, ஆடியில கச்சான் காத்து வீசேக்க டச்சுப் பே கடற்கரையில நிண்டு சூடான பர்கர் மட்டும் சாப்பிட ஏலுமே? எதை எடுக்கிறது எண்டுதான் பார்க்க வேணும். பாஷன் புரூட் மில்க் ஷேக் எண்டு வந்தால் கவனம்: புளிப்பு பாலைத் திரைய வைக்கும். ஐஸ்கிறீமும் குளிரும் இருக்கிற வரை தெரியாது, கப் சூடாகத் தொடங்கினவுடன சுவரில துகள் துகளா ஒட்டும். அதை அங்கேயே, அஞ்சு பத்து நிமிஷத்துக்குள்ள குடிச்சு முடிக்க வேணும், பார்சல் கூடாது. சோடா கலந்தது எண்டால் ஐஸ், சிரப், பிறகு சோடா எண்ட வரிசையில ஊத்தினால்தான் வாயு நிற்கும். சோடாவை ஊத்திப்போட்டுக் குலுக்கித் தந்தால் அது வெறும் சீனித் தண்ணி.

பலூடா வகை எண்டால் கசகசா (சப்ஜா விதை) பத்து, பதினைஞ்சு நிமிஷம் ஊறியிருக்க வேணும். விதையைச் சுத்தி வழுக்கல் வளையம் தெரியாட்டில் ஊறேல்ல எண்டு அர்த்தம். 2023 ஒக்டோபர் 1 இல பிளாஸ்டிக் ஸ்ட்ரோ தடையான பிறகு வாற கடுதாசிக் குழாய், தடிப்பான ஷேக்கில கெதியா ஊறி நைஞ்சுபோகும், கசகசாவும் அடைக்கும். மூடியைக் கழட்டிப்போட்டுக் கரண்டியால சாப்பிடுங்கோ.

கிண்ணியாக் கரை:
அப்ப வீட்டில செய்யலாமே தம்பி. தேசிக்காய்ச் சாறு 15 மில்லி, சீனியும் தண்ணியும் சம நிறையில காய்ச்சின பாகு 15 மில்லி, புதினா ஆறேழு இலை. இலையை நசுக்கிக் கூழாக்க வேணாம், கசக்கும். கரண்டிப் பின்பக்கத்தால ஒருக்கா அமத்தினா போதும். ஐஸ் நிறைய, கடைசியா குளிர்ந்த வெறும் சோடா 180 மில்லி. சீனி 9 கிராம் அளவுதான், மஞ்சளுக்குள்ள நிக்கும்.

ஓர்ஸ்ஹில் வாசி:
இங்கே யாரும் தொடாத ஒன்று. குறுகிய காலத்துக்கு வரும் மரக்கறி பர்கரை வெள்ளிக்கிழமையிலும் கந்தசஷ்டி நாட்களிலும் நம்பி வாங்குகிறவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். பலகையில் பச்சைப் புள்ளி போட்டிருந்தாலும், அந்தப் பட்டீஸ் கோழி பொரித்த அதே தொட்டியில் இறங்கியதா என்பதைக் கேட்டே ஆக வேண்டும். “மரக்கறிக்கு வேற எண்ணெயா?” என்று நேராகக் கேளுங்கள். தடுமாறிப் பதில் வந்தால் அன்றைக்கு பிரைஸும் வேண்டாம், அதுவும் பெரும்பாலும் அதே எண்ணெய்தான். புதுச் சோஸில் எள், நிலக்கடலை, கடுகு, சோயா இருக்கலாம். ஒவ்வாமை உள்ள பிள்ளை இருந்தால் சோஸ் பையின் பின்பக்கத்தைக் காட்டச் சொல்வதில் வெட்கம் தேவையில்லை.

கிண்ணியாக் கரை:
அக்கா சொல்றது எங்களுக்கும் பொருந்தும். புது ஐட்டத்துக்குப் புதுச் சப்ளையர் வந்திருக்கலாம். சுவரில மாட்டியிருக்கிற ஹலால் சான்றிதழ்ட திகதி முடிஞ்சிருக்கா எண்டு பாக்கணும், புது இறைச்சி, புதுச் சோஸ் ரெண்டையும் தனியாக் கேக்கணும்.

துறைமுகத்தான்:
ரெண்டும் நியாயம். ஆனால் ஊர்க் கடைகளையும் மறக்கக் கூடாது. சுற்றுலாக் காலத்தில, சித்திரையில இருந்து புரட்டாதி வரை, உப்புவெளிப் பக்கம் சின்னக் கடைகளும் “இந்த மாதம் மட்டும்” எண்டு மீன் பர்கர் போடுறது வழமை. என்னைக் கேட்டால் கொம்பனிக் கடையின்ர உறைஞ்ச மீனை விட எங்கட பாரை எத்தினையோ மடங்கு மேல். பாரைத் துண்டு ஒண்டரை சென்ரிமீற்றர் தடிப்பு, உப்பும் மிளகும் தேசிக்காயும் பத்து நிமிஷம், அரிசி மாவும் கோதுமை மாவும் கலந்த பூச்சு, மூண்டு நாலு நிமிஷப் பொரியல். தேசிக்காயில கூட நேரம் ஊறவிட்டால் மீன் உதிரும்.

சூரை பர்கர் எண்டால் மட்டும் கவனமாயிருங்கோ. சூரை ஐஸில்லாமல் வெயிலில கிடந்தால் அதில ஹிஸ்டமின் உண்டாகும், பிறகு எவ்வளவு பொரிச்சாலும் அழியாது. கடிக்கேக்க நாக்கில மிளகு குத்தின மாதிரிக் கூச்சம் தெரிஞ்சால் காரம் எண்டு நினைச்சு விழுங்காதேங்கோ, துப்பிப்போடுங்கோ. முகம் சிவந்து தலையிடி வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போங்கோ.

ஓர்ஸ்ஹில் வாசி:
பாரை விடயத்தில் முழுச் சம்மதம். முதல் மூன்று நாள் விடயத்தில் இல்லை.

துறைமுகத்தான்:
அப்ப அளந்து பார்ப்பம், தங்கச்சி. ஒரே கடை, ஒரே ஐட்டம், மூண்டாம் நாள் ஒண்டு, பத்தாம் நாள் ஒண்டு, ரெண்டுக்கும் ஒரே நேரம், நீங்கள் சொன்ன 11.30. வீட்டுத் தராசில முழு பர்கரை வையுங்கோ, பிறகு கோழித் துண்டைச் சோஸ் துடைச்சுத் தனிய வையுங்கோ. பணிஸை அமத்தி அடிப்பக்கம் ஈரமா எண்டு பாருங்கோ, டிசுவில எண்ணெய் வட்டத்தை அடிமட்டத்தால அளவுங்கோ. வாங்கின நிமிஷத்தையும் வெட்டின நிமிஷத்தையும் எழுதுங்கோ, அது இல்லாட்டில் ஒப்பிட ஏலாது.

ஓர்ஸ்ஹில் வாசி:
சரி அண்ணா. சோஸைத் துடைத்தால் பூச்சும் சேர்ந்து வரும், அதனால் சோஸ் இல்லாமல் ஒன்று வாங்கி அந்த நிறையைக் கழிப்பதுதான் சரியான வழி. அடுத்த பதாகை தொங்கிய அன்றே திகதியை இங்கே போடுங்கள், அதிலிருந்து நாளை எண்ணுவோம்.