நகம் பதிஞ்சா நாயா? கொழும்புச் சேத்தில கண்ட தடங்கள்

தலங்கமக்காரன்:

நகம் பதிஞ்சிருந்தா நாய், பதியாட்டிப் பூனை. தடம் பார்க்கத் தொடங்கிற எல்லாருக்கும் முதல்ல சொல்லிக் குடுக்கிறது இதைத்தான். வில்பத்துக் காட்டு மணலுக்கு அது ஓரளவு சரி. கொழும்புச் சேத்துக்குச் சரிவராது.

ஏனெண்டா, தலங்கம, தியவன்னா, பெல்லன்வில அத்திடியப் பக்கச் சதுப்புகளில மீன்பிடிப் பூனை இருக்கு, சிங்களத்தில ஹந்துன் திவியா எண்டு சொல்லுறது. மற்றப் பூனையளுக்கு நகம் முழுசா உறைக்குள்ள போயிடும், இதுக்கு அப்பிடிப் போகாது. நுனி கொஞ்சம் வெளியில நிக்கும். இளகின சேத்தில கால் புதைஞ்சா நகக் குறியும் விழும். பார்க்கிற ஆள் "தெருநாய்" எண்டு சொல்லிப்போட்டுக் கடந்து போயிடும். மற்றப் பக்கம், காய்ஞ்ச இறுகின மண்ணில நாயின்ர நகமே பதியாமல் போறதும் உண்டு.

அதால நான் நகத்தைக் கடைசியாத்தான் பார்க்கிறனான். முதல்ல மெத்தை. பூனைச் சாதிக்கு உள்ளங்கால் மெத்தை பெரிசு, பின்விளிம்பு மூண்டு வளைவாத் தெரியும். நாய்க்கு மெத்தை சின்னன், முக்கோணம் போல. நாய்த் தடத்தில விரலுக்கும் மெத்தைக்கும் இடையில குறுக்கும் மறுக்குமா ரெண்டு குச்சி வைச்சா மெத்தையில முட்டாமல் ஒரு "எக்ஸ்" விழும். பூனைத் தடத்தில குச்சி மெத்தையை வெட்டும்.

அடுத்தது நடு விரல் ரெண்டு. நாய்க்கு ரெண்டும் சோடியாச் சமனா நிக்கும். பூனைக்கு ஒண்டு முந்தி நிக்கும். அந்த முந்தின விரல் வலப்பக்கம் இருந்தா அது இடக்கால். உங்கட இடக்கையை மேசையில கவிட்டு வைச்சு நடுவிரலைப் பாருங்கோ, விளங்கும்.

பெத்தகானப் பக்கம் மழை விட்ட ஒரு காலமை நான் கண்டது இது. வாய்க்கால் கரையோட ஒரே வரியில தடம் போகுது, முன்னங்கால் வைச்ச இடத்திலேயே பின்னங்காலும் விழுந்திருக்கு. ஓரிடத்தில வரி தண்ணிப் பக்கம் திரும்புது. விளிம்பில முன்னங்கால் ரெண்டும் பக்கத்தில பக்கத்தில ஆழமாப் புதைஞ்சிருந்துது. பின்னங்கால் குறி அகண்டு, கொஞ்சம் வழுக்கி நீண்டிருந்துது. குந்தியிருந்து தண்ணியைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கு. ஒரு எட்டுத் தள்ளிப் புல்லில செதிள். வீட்டுப் பூனையின்ர தடம் கிட்டத்தட்ட 3 சென்ரிமீற்றர் அகலம்தான், இது அதைவிட நல்லாப் பெரிசு. நகநுனியும் மெல்லிசாத் தெரிஞ்சுது. மெத்தையில மூண்டு வளைவு, சந்தேகமே இல்லை.

கொழும்புக்குள்ளயா எண்டு சிரிக்கிற ஆக்களுக்கு: 2018இல கொழும்புக்கு, ராம்சார் எண்ட அனைத்துலக ஈரநில ஒப்பந்தத்தின்ர "ஈரநில நகரம்" அங்கீகாரம் சும்மா கிடைக்கேல்ல.

வெள்ளவத்தை லேன்வாசி:

எங்களுக்கு எங்கால சேறு அண்ணா, சுத்திவர சீமெந்துதான். ஆனா சீலிங்குக்குள்ள இரவில ஓட்டம். பூச்சி மருந்து அடிக்கிற ஆக்கள் வந்து எலி எண்டு சொல்லி, மருந்து வைச்சு, காசும் வாங்கிக்கொண்டு போச்சினம். மேல்மாடி வீட்டு அன்ரி பேய் எண்டா. எலி இவ்வளவு பாரமா நடக்குமோ எண்டு எனக்கு யோசனை.

படுக்கப் போக முதல் பின்பக்கக் கட்டுக்கு மேல, தண்ணிக் குழாய் மேல ஏறுற இடத்தில கோதுமை மாவை மெல்லிசா அரிச்சு விட்டனான். காலமை பார்த்தா ஐஞ்சு விரல். பின்னங்கால்ல உள்ளங்கால் நீளமாப் பதிஞ்சிருக்கு. பூனைக்கு நாலு விரல்தான் பதியும் எண்டது தெரியும், எலிக் கால் எண்டா சின்னன். மதிலுக்கு மேல கிடந்த எச்சத்தில பப்பாசி விதை அப்படியே முழுசா இருந்துது. மரநாய்தான். நடுச்சாமத்தில வீட்டில ஒருத்தரும் சமைக்காமல் ரம்பை இலை வாசம் ஏன் வருது எண்டதும் அப்பத்தான் விளங்கினது, மரநாயின்ர வாசம் அப்பிடித்தான்.

அது வெளியில போற நேரத்தைப் பிடிச்சு, உள்ளுக்குக் குட்டி இல்லை எண்டு நல்லாப் பார்த்திட்டு, ஓட்டை அடைச்சாச்சு. குட்டி இருக்கேக்க தாயை வெளியில விட்டு அடைச்சிடாதேங்கோ, அது பாவம். அதுக்குப் பிறகு வாற நாத்தமும் சாமானியமில்லை.

மட்டக்குளிப் பெடியன்:

களனி ஆத்துப் பக்கம் ஆக்கள் முதலைத் தடம் முதலைத் தடம் எண்டு படம் எடுத்துப் போடுறதில அரைவாசிக்கு மேல கபரகொய்யா, தண்ணி உடும்பு மச்சான். நடுவில வளைஞ்சு வளைஞ்சு வால் கோடு, ரெண்டு பக்கமும் நீள விரல், நுனியில நகக் குத்து. இதுதான் கபரகொய்யா. முதலை எண்டா பின்னங்கால்ல நாலு விரல்தான், இடையில சவ்வு. தண்ணிக்குள்ள இறங்கின இடத்தில வயிறு இழுபட்ட அகலமான சறுக்கலும் இருக்கும். சறுக்கலைக் கண்டா கிட்டப் போய்ப் படம் எடுக்கிற வேலை வைச்சுக்கொள்ளாதேங்கோ.

பத்தரமுல்லை நடைக்காரி:

தலங்கமக்காரன் அண்ணா, செதிள் கிடந்தாப் பூனை எண்டு எப்பிடிச் சொல்லுவீங்கள்? நீர்நாயும் மீன்தானே தின்னுது. நான் நடக்கிற பாதையில மதகுக்குக் கீழ ஒரு கல்லு இருக்கு, அதில எப்பவும் மீன் நாத்தத்தோட எச்சம்.

தலங்கமக்காரன்:

நல்ல கேள்வி தங்கச்சி. செதிளை மட்டும் வைச்சு நான் சொல்லேல்ல, தடத்தை வைச்சுத்தான். நீர்நாய்க்கு ஐஞ்சு விரல், நல்லா விரிஞ்சு பதியும், ஈரம் அளவா இருந்தாச் சவ்வும் தெரியும். ஆனா அஞ்சாவது விரல் சில நேரம் பதியாது, அதால ஒரு தடத்தைப் பார்த்து முடிவெடுக்காமல் வரியைப் பின்தொடர்ந்து பத்துப் பதினைஞ்சு பாருங்கோ. நீங்கள் சொல்லுற கல்லு நீர்நாய்க்குத்தான் கூடப் பொருந்துது. அது ஒரே கல்லில, ஒரே மேட்டில திரும்பத் திரும்ப எச்சம் விடும், தன்ர இடம் எண்டு மற்ற நீர்நாய்களுக்குக் காட்டுறதுக்கு. காய்ஞ்ச எச்சத்தைக் குச்சியால உடைச்சா நண்டு ஓடும் செதிளும் வரும். கையால தொடாதேங்கோ.

வெள்ளவத்தை லேன்வாசி:

தடம் புதுசா பழசா எண்டு எப்பிடிப் பார்க்கிறது?

மட்டக்குளிப் பெடியன்:

போன முறை வில்பத்து போகேக்க ட்ராக்கர் ஜீப்பில இருந்து எட்டிப் பார்த்திட்டே சொன்னார், சிறுத்தை இப்பத்தான் போயிருக்கு எண்டு. எங்களுக்கு முன்னால போன ஜீப்பின்ர டயர் கோட்டுக்கு மேல தடம் விழுந்திருக்கு. டயர் கோடு தடத்தை அழிச்சிருந்தா அது முதல் போனது. அவ்வளவுதான் கணக்கு. ஒருத்தரும் இறங்கேல்ல, அங்க இறங்கவும் ஏலாது.

தலங்கமக்காரன்:

அதே கணக்கை இங்க மழையோட போடலாம். இரவு மழை எத்தினை மணிக்கு விட்டது எண்டு ஞாபகம் வைச்சிருங்கோ. துளி குத்தின புள்ளி தடத்துக்குள்ளயும் இருந்தா மழைக்கு முந்தினது. விளிம்பு கூரா, உள்ளுக்குப் புள்ளி இல்லாட்டி மழை விட்ட பிறகு வந்தது. வெயில் ஏறினா விளிம்பு வெடிச்சு உதிரும், பிறகு அளவும் பெருத்துத் தெரியும்.

நடைக்காரித் தங்கச்சி, மதகடியில தடம் இருந்தாப் படம் போடுங்கோ. நேர மேல இருந்து எடுங்கோ, பக்கத்தில அடிமட்டம் வைச்சு. ஃபிளாஷ் வேண்டாம், அது எல்லாத்தையும் தட்டையாக்கிப் போடும். இன்னொரு ஃபோன் டோர்ச்சை நிலத்தோட ஒட்டிப் பக்கவாட்டில பிடிச்சா மெத்தை விளிம்பு நிழலோட எடுப்பாத் தெரியும்.