விழுந்த விமானத்தின் அங்க அடையாளம்

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

இரண்டாம் உலகப் போரில் விழுந்து நொறுங்கிய குண்டுவீச்சு விமானங்களின் படங்களுக்குத் தமிழில் விளக்கம் எழுதும்போது, உடலில் தெரியும் எழுத்து, எண் எல்லாவற்றையும் ‘அடையாள எண்’ என்றே சொல்லிவிடலாம் என்று நண்பர் ஒருவர் முந்தைய மடலில் கூறியிருந்தார். எனக்கு இதில் உடன்பாடில்லை. அவற்றைத் தனித்தனியே பிரித்தறிவதில்தான் படத்திலுள்ள விமானத்தை இனங்காணும் வேலையே இருக்கிறது.

லண்டன் வான்படை அருங்காட்சியகத்தில் நிற்கும் லங்காஸ்டர் என்னும் பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானத்தைப் பாருங்கள். உடலில் சிறிதாக எழுதியுள்ள அதன் எண் ஆர்5868. அது 83ஆம் ஸ்குவாட்ரனில், அதாவது விமான அணியில், இருந்தபோது பக்கவாட்டில் ஓஎல்-க்யூ என்று பெரிதாக எழுதியிருந்தார்கள். ஆஸ்திரேலியர்களின் 467ஆம் ஸ்குவாட்ரனுக்குப் போனதும் அது பிஓ-எஸ் ஆனது. சிறிய எண் அப்படியே இருக்க, பெரிய எழுத்துகள் மட்டும் மாறிவிட்டன. ஒரு விமானம் திரும்பி வராவிட்டால் அதன் எழுத்தை அடுத்து வருவதற்குக் கொடுத்துவிடுவார்கள். ஆகவே பெரிய எழுத்தை மட்டும் படித்துவிட்டு ‘இன்ன விமானம்’ என்று முடிவுகட்டக் கூடாது.

மாறாத எண்ணுக்குத் ‘தொடரெண்’ என்பதே என் பரிந்துரை. ‘பதிவெண்’ வேண்டாம், அது வி.டி. என்று தொடங்கும் நம் பயணிகள் விமானங்களுக்கு ஏற்கெனவே உரியது. உற்பத்தியாளர் தரும் எண் வேறு. அதை ‘ஆலையெண்’ எனலாம்.

மாறும் எழுத்துகளுக்கு நம் குழுவின் அம்மையார் ஒருவர் தந்த ‘அணியெழுத்து’ அழகானதுதான். ஆனால் 1939 அக்டோபர் 28 அன்று ஸ்காட்லாந்தின் ஹம்பி அருகே விழுந்த ஹெய்ன்கெல் 111 என்னும் ஜெர்மானியக் குண்டுவீச்சு விமானத்தின் படங்களில் 1எச்+ஜேஏ என்று இருக்கிறது. 1எச் என்பது கேஜி 26 என்னும் படைப்பிரிவு, ஜே அந்த விமானத்துக்குரிய எழுத்து, ஏ என்றால் தலைமையகப் பிரிவு. எண்ணும் கலந்து வருவதால் ‘அணிக்குறி’ என்று வைத்துக்கொண்டால் இரு நாட்டு விமானங்களுக்கும் பொருந்தும்.

அமெரிக்க விமானங்களில் இன்னொரு சிக்கல். 1943 ஏப்ரல் 4 அன்று நேப்பிள்ஸைத் தாக்கக் கிளம்பி, லிபியப் பாலைவனத்தில் விழுந்து, 1958இல் எண்ணெய் தேடியவர்கள் கண்ணில் பட்ட ‘லேடி பி குட்’ என்னும் பி-24இன் வாலில் 124301 என்று இருக்கும். ஆவணங்களில் அது 41-24301. ஆண்டின் முதல் இலக்கத்தை விட்டுவிட்டு வாலில் எழுதுவது அவர்கள் வழக்கம். முன்பக்கத்தில் உள்ள 64 அணிக்குறி வகையைச் சேர்ந்தது. இரண்டையும் ‘அடையாள எண்’ என்று எழுதினால் படிப்பவருக்கு என்ன விளங்கும்?

எழுத்தும் எண்ணும் எரிந்துபோன படங்களும் உண்டு. அங்கே உதவுபவை ஒட்டுப்போட்ட தகடு, பெயர்ந்த வண்ணம், களத்திலேயே மாற்றிப் பொருத்திய துப்பாக்கி போன்றவை. பறந்துகொண்டிருந்த காலத்துப் படத்தில் அதே இடத்தில் அதே ஒட்டு இருந்தால் போதும், ஆள் அகப்பட்டுவிடுவார். இவற்றுக்கு ‘அங்க அடையாளம்’ என்ற பழைய சொல்லையே முன்மொழிகிறேன். பள்ளி மாற்றுச் சான்றிதழில் ‘வலது முழங்கையில் ஒரு மச்சம்’ என்று எழுதுகிறோமே, அதே வேலையைத்தான் இந்த ஒட்டும் செய்கிறது. ‘தனித்துவக் கூறு’ என்ற மாற்று எனக்குச் சவசவவென்று படுகிறது.

நாட்டுச்சின்னத்தை இதில் சேர்க்க வேண்டாம். அது ஆளைக் காட்டாது, காலத்தைக் காட்டும். அமெரிக்க நட்சத்திரத்தின் நடுவிலிருந்த சிவப்புப் பொட்டு, ஜப்பானியச் சின்னத்தோடு குழப்பியதால், 1942 மே மாதம் நீக்கப்பட்டது. 1943 ஜூனில் இருபுறமும் பட்டையும் சிவப்பு விளிம்பும் வந்தன. அதே ஆண்டு விளிம்பு நீலமாயிற்று. புதிய சின்னம் தெரிந்தால் படம் அதற்கு முந்தையதாக இருக்க முடியாது. பழைய சின்னத்தை வைத்து அப்படிச் சொல்ல முடியாது, ஏனென்றால் வண்ணம் மாற்றத் தாமதமாகும். ஆகவே ‘காலக்குறி’.

வண்ணம் பற்றி ஓர் எச்சரிக்கையும் தேவை. அக்காலத்து ஆர்த்தோகுரோமாட்டிக் படச்சுருளுக்குச் சிவப்பு தெரியாது. இரவு விமானத்தின் கறுப்பு உடலில் மங்கிய சிவப்பில் எழுதிய அணிக்குறி படத்தில் ஏறக்குறைய மறைந்துவிடும். பிரிட்டிஷ் வட்டச்சின்னத்தின் மஞ்சள் வளையம் கருத்துத் தெரியும். இந்தச் சுருளைச் ‘சிவப்பறியாப் படச்சுருள்’ என்றால் பெயரே எச்சரிக்கையாகிவிடும்.

விமானத்தின் முன்புறம் வரையும் படங்களுக்கு ‘முகப்போவியம்’ என்று குழுவின் ஐயா ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு ‘மூக்கோவியம்’தான் பிடிக்கிறது. வரைந்தவர்களின் குறும்பு அதில் இருக்கிறது.

மீதமிருப்பது ஒன்று. போர்க்காலப் பத்திரிகைப் படங்களில் அணிக்குறியைத் தணிக்கையாளர்கள் அழித்துவிட்டு வெளியிடுவது வழக்கம். எழுதாமல் விட்டதற்கும் இப்படி அழித்ததற்கும் வேறுபாடு காட்ட ஒரு சொல் வேண்டும். ‘சுரண்டல்’ என்று வைத்தால் உழைப்புச் சுரண்டல்தான் நினைவுக்கு வரும். வேறு சொல் இருந்தால் எழுதுங்கள்.