முன்தோல் டைட்டா இருக்கு, கட் பண்றதுதான் வழியா? உணர்ச்சி போயிடும்னு சொல்றாங்களே

தைமாப்பிள்ளை:
அண்ணன்களே, பேரு ஊரு வேணாம். வயசு 27, தை மாசம் கல்யாணம். சின்ன வயசுல இருந்தே முன்தோல் முழுசா பின்னாடி போனதில்ல, சும்மா இருக்கும்போது பாதி வரும், விறைச்சா மொட்டோட நுனி மட்டும்தான் தெரியும், எல்லாருக்கும் இப்படித்தான் போலன்னு விட்டுட்டேன். இப்ப ஒரு வருஷமா தோல் விளிம்புல பிளேடு கீறின மாதிரி சின்ன சின்ன வெடிப்பு, ஒன்னுக்கு போனா காந்துது, ஆறினா முன்னைவிட இறுக்கமா ஆயிடுது. ரூம்மேட்கிட்ட யாரோ ஃபிரெண்டுக்குன்னு சுத்தி வளைச்சு கேட்டேன், "கட் பண்ணிட சொல்லு, ஆனா அப்புறம் மரத்துப் போயிடும்"னு சொல்லிட்டு அவன் பாட்டுக்கு ஃபோனை நோண்டிட்டு இருக்கான், எனக்கு அன்னையிலருந்து தூக்கம் இல்ல. அம்மா மண்டபத்துக்கு அட்வான்ஸே குடுத்தாச்சு. எந்த டாக்டர்கிட்ட போகணும்?

மாத்திரைக்கடை:
தம்பி, யூராலஜிஸ்ட்கிட்ட போ. பக்கத்துல இல்லன்னா ஜெனரல் சர்ஜன் போதும், ஜிஎச்-ல சர்ஜரி ஓபியில சீட்டு போட்டாலே பாப்பாங்க. ராத்திரி டிவியில வர்ற லாட்ஜ் வைத்தியர் பக்கம் மட்டும் போயிடாத. இதுக்குப் பேரு ஃபைமோசிஸ்.

போறதுக்கு முன்னாடி சுகர் டெஸ்ட் எடுத்துடு, 27 வயசுல எனக்கென்ன சுகர்னு நினைக்காத. நல்லா இருந்த தோல் வெடிச்சு வெடிச்சு இறுகுதுன்னா பல பேருக்கு சுகர் இருக்கிறதே இதுல தான் தெரிய வருது. யூரின்ல சர்க்கரை போனா தோலுக்குள்ள பூஞ்சை வளரும், புண்ணாகும், ஆறும், தழும்பு விழும், தழும்பு சுருங்கும். இன்னொன்னு, இத படிக்கிற பெரியவங்களுக்கு: டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின்னு சுகருக்கான மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு அந்த மாத்திரையே சர்க்கரைய யூரின் வழியா வெளிய தள்ளுது, அதனால இந்த பூஞ்சை தொல்லை வரலாம், நீங்களா நிறுத்தாதீங்க, எழுதிக் குடுத்தவர்கிட்ட சொல்லுங்க.

கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி கிரீம்னு ஒன்னு இருக்கு. பீட்டாமெத்தசோன் ஸ்டீராய்டு, இறுக்கமா இருக்கிற அந்த வளையத்துல மட்டும் மெல்லிசா, தினம் ரெண்டு வேளை, 4 முதல் 8 வாரம். தோல் கொஞ்சம் இளகும், அப்ப வெந்நீர்ல குளிச்சுட்டு வலிக்காத அளவுக்கு மெதுவா பின்னாடி இழுத்துப் பழகணும். நிறைய பேருக்கு இதுலயே சரியாயிடுது. ஆனா விளிம்பு வெள்ளையா, காகிதம் மாதிரி கெட்டியா மாறியிருந்தா அது லைக்கன் ஸ்கிளிரோசஸ்ங்கிற தோல் வியாதியா இருக்கலாம், அதுல தழும்பு இறுகிட்டா கிரீம் அவ்வளவா எடுபடாது, பெரும்பாலும் ஆபரேஷன்தான். கண்ணால பாத்தா தான் தெரியும், ஃபோட்டோ எடுத்து இங்க போட்டுடாத சாமி.

லுங்கிவாசி:
நான் 31 வயசுல பண்ணிக்கிட்டவன் ப்ரோ, எனக்கு கிரீம் கேக்கல. மொதல்ல ஒன்னு சொல்லிடுறேன், அவசரத்துல பலவந்தமா பின்னாடி இழுத்துடாத. நான் இழுத்தேன், மொட்டுக்குக் கீழ ரப்பர் பேண்ட் மாதிரி மாட்டிக்கிச்சு, அரை மணி நேரத்துல வீங்கிடுச்சு, ராத்திரி 1 மணிக்கு ஆட்டோல கேஷுவாலிட்டிக்கு போனேன், அங்க இருந்தவர் ரொம்ப நேரம் அழுத்திப் பிடிச்சு வீக்கத்த வடிச்சு தான் தோல முன்னாடி கொண்டு வந்தாரு. ரத்த ஓட்டம் நின்னா மொட்டுக்கே ஆபத்தாம்.

ஆபரேஷன் எனக்கு கீழ மட்டும் மரத்துப்போக ஊசி போட்டு முக்கால் மணி நேரம், அன்னைக்கே வீட்டுக்கு. தையல் தானா கரையுற நூல், ரெண்டு மூணு வாரத்துல உதிர்ந்துடுச்சு. முழுசா எடுக்காம இறுக்கமான இடத்துல மட்டும் நெடுக்க கீறி குறுக்க தைக்கிற முறையும் இருக்கு, தோல் அப்படியே இருக்கும், உனக்கு அது ஆகுமான்னு கேளு. அடியில மெல்லிசா கயிறு மாதிரி ஒரு தோல் மடிப்பு இருக்கும்ல, சில பேருக்கு அது மட்டும்தான் குட்டையா இருக்கும், அதுக்கு தனி சின்ன ஆபரேஷன்.

இப்ப உன் தூக்கத்த கெடுத்த மேட்டர். மரத்துப் போறதெல்லாம் இல்ல, எனக்கு ஆனது நேர் எதிரு. முப்பது வருஷம் உள்ளயே இருந்த மொட்டு, லுங்கி உரசினாலே உடம்பு தூக்கிப் போடும், டீ குடிக்கிற பேப்பர் கப்போட அடிய வெட்டிட்டு உள்ள வச்சுக்கிட்டு தான் ஒரு வாரம் நடந்தேன், விடியகாலை விறைப்புல தையல் இழுக்கிற வலி வேற. ஒன்றரை மாசத்துல அந்தக் கூச்சம் அடங்கிச்சு. இப்ப வலி பயம் இல்லாததால முன்னைவிட நல்லாதான் இருக்கு.

நடுநிலைநாயகம்:
லுங்கி ப்ரோ சொல்றது அவர் அனுபவம், ஆனா ஒன்னுமே மாறாதுன்னு சொல்ல மாட்டேன். முன்தோல்லயே மெல்லிசான தொடு உணர்ச்சி நிறைய இருக்கு, அத எடுத்தா அந்த இடத்து உணர்ச்சி போகத்தானே செய்யும். நானும் பண்ணவன், எனக்கு வித்தியாசம் தெரியுது, குறையா தெரியல, வேற மாதிரி இருக்கு, அவ்வளவுதான். கென்யாவுல கிசுமுங்கிற ஊர்ல 18-24 வயசு ஆம்பளைங்க 2,784 பேர வச்சு ரெண்டு வருஷம் பாத்து 2008-ல ரிசல்ட் போட்டாங்க, பண்ணிக்கிட்டவங்களுக்கு தாம்பத்யத்துல கோளாறு கூடல, நிறைய பேர் உணர்ச்சி கூடியிருக்குன்னே சொல்லியிருக்காங்க. ஆனா அது எச்ஐவி தடுப்புக்காக நடந்த ஆராய்ச்சி, உன்ன மாதிரி வலியோட போனவங்க இல்ல. வேற சில ஆராய்ச்சியில குறையுதுன்னும் வந்திருக்கு, சண்டை ஓடிட்டே தான் இருக்கு. எப்படி பாத்தாலும் 4லருந்து 6 வாரம் சேரக் கூடாது, தைக்கு நாள் எண்ணிக்கோ.

தைமாப்பிள்ளை:
அண்ணன்களே போய்ட்டு வந்துட்டேன். சுகர் நார்மல். டாக்டர் ரெண்டே நிமிஷம் பாத்தாரு, நான்தான் ரெண்டு மணி நேரம் வெளிய உக்காந்து வேர்த்தேன். வெள்ளை எதுவும் இல்லையாம், 6 வாரம் கிரீம், அப்புறம் வரச் சொன்னாரு, அதுல ஆகலன்னா தான் கட். கடையில ஒரு பொண்ணு இருந்துச்சு, அவசரமா வாங்கிட்டு ஓடி வந்துட்டேன், இப்ப பாத்தா டியூப்ல பேருக்குப் பின்னாடி தனியா 'N'னு ஒரு இங்கிலீஷ் எழுத்து இருக்கு, சீட்டுல அது இல்ல. பரவால்லயா?

மாத்திரைக்கடை:
அது ஆன்டிபயாட்டிக் கலந்தது தம்பி, உனக்கு எழுதினது அது இல்ல. பிரிக்காம சீட்டோட எடுத்துட்டுப் போய் மாத்திட்டு வா. கடையில இருக்கிற பொண்ணு தினம் இந்த மாதிரி நாப்பது டியூப் குடுக்குது, உன் மூஞ்சி ஞாபகம் கூட இருக்காது.