'சார்புக் குருட்டுப்புள்ளி'க்கு மாற்றாகத் 'தன்விலக்கு'

அன்பின் நண்பர்களுக்கு வணக்கம்.

உளவியலாளர் எமிலி புரொனினும் அவருடன் ஆய்ந்தவர்களும் 2002இல் 'பயஸ் பிளைண்ட் ஸ்பொற்' (bias blind spot) எனப் பெயரிட்ட கருத்துக்கு, நம் கலைச்சொற்பட்டியலில் சேர்ப்பதற்காகச் சென்னை நண்பர் ஒருவர் 'சார்புக் குருட்டுப்புள்ளி' என்பதை முன்மொழிந்திருக்கிறார். இலங்கைப் பாடநூல் வழக்கில் 'குருட்டுப்புள்ளி' என்பது 'குருட்டுப்பொட்டு' என வரும். அது சிறு வேறுபாடுதான், என் தடை வேறு. கண்ணின் குருட்டுப்புள்ளி என்பது விழித்திரையில் பார்வை நரம்பு வெளியேறும் இடம்; அங்கே ஒளியுணரும் கலங்கள் இல்லை. அங்கே எதுவும் தெரியாததற்கு அந்த இல்லாமையே காரணம். புரொனின் சுட்டுவதோ, பிறரது பக்கச்சார்பை எளிதில் கண்டுகொள்பவர் தம்முடையதை மட்டும் கணக்கில் எடுக்காமல் விடும் இயல்பு. வெஸ்ற், மெசேர்வ், ஸ்ரனோவிச் ஆகியோர் 2012இல் வெளியிட்ட ஆய்வில், அறிகைத் திறன் கூடியவர்களிடம் இவ்வியல்பு குறைந்திருக்கவில்லை; சற்றுக் கூடுதலாகவே காணப்பட்டது.

நம் ஊரிலேயே எடுத்துக்காட்டு உண்டு. சி. சுந்தரலிங்கம் ஒக்ஸ்போர்ட்டில் படித்துக் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்தவர். தமிழருக்கு நீதி மறுக்கப்படுகிறது என்று வாதாடித் தனிநாட்டுக் கோரிக்கையை முதலில் எழுப்பியவர்களுள் ஒருவர். 1968இல் ஒடுக்கப்பட்ட சாதியினர் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் செல்ல உரிமை கேட்டபோது, அதை முன்னின்று எதிர்த்தவரும் அவரே. கொழும்பு அரசு செய்தால் பாகுபாடு, கோயில் வாசலில் தாம் செய்தால் ஆசாரம். இதைக் குருடு என்பது அவருக்குச் சலுகை கொடுப்பதாகும் (பார்வையற்றோருக்கு இழைக்கும் அநீதியும்கூட).

ஆதலால் 'தன்விலக்கு' என்ற சொல்லை முன்வைக்கிறேன். வரிவிலக்கு, மதுவிலக்கு, விதிவிலக்கு என்று பழகிய காதுக்கு 'விலக்கு' புதிதன்று. பொது விதியிலிருந்து ஒருவர் தமக்குத் தாமே விலக்களித்துக்கொள்வது என்ற பொருள் விளக்கமின்றியே புலப்படும். சபையிலிருந்து ஒதுங்கிக்கொள்ளுதல் என்றும் சிலர் பொருள் கொள்ளக்கூடும் என்பதால், சொற்பட்டியலில் 'சார்புத் தன்விலக்கு' என்று முழு வடிவத்தைத் தந்துவிட்டுக் கட்டுரைகளில் சுருக்கி ஆளலாம்.

'அறிகை முரண்' (cognitive dissonance) என்பதையே இதற்கும் வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. லியோன் பெஸ்ரிங்கர் 1957இல் விளக்கியது, முரணான எண்ணங்கள் மோதும்போது எழும் மன உளைவை. தன்விலக்கு உடையவருக்கு அந்த உளைவு தொடங்குவதற்கே வழியில்லை. இரண்டையும் தனித்தனிப் பதிவுகளாக வைப்பதே முறை.

அன்புடன்,
யாழ்ப்பாணத்திலிருந்து